ஆடிட் ஆபீஸ் ஃபைல் பரிமாற்றத்துக்கு ஜிபிஜி: கட்டளை வரியில் அமைப்பது எப்படி?

#1 கச்சேரி ரோடு கணக்கு

மயிலாப்பூரில் ஐந்து பேர் உட்காரும் ஆடிட் ஆபீஸ். பான், ஆதார், பேங்க் ஸ்டேட்மென்ட், ஃபார்ம் 16 எல்லாம் இப்போது வாட்ஸப்பிலும் சாதா மெயிலிலும் வருகிறது. கம்பெனி கிளையன்ட் ஏழெட்டு பேரையாவது ஜிபிஜிக்கு (க்னூபிஜி, ஃபைலைச் சாவி போட்டுப் பூட்டும் இலவச மென்பொருள்) மாற்ற வேண்டும். மூன்று விண்டோஸ் மெஷின் (ஜிபிஜி4வின்), இரண்டு உபுண்டு 24.04. கிளியோபாட்ரா (மவுஸால் இயக்கும் ஜிபிஜி நிரல்) தெரியும், ஆனால் இரவு பேக்கப் ஸ்கிரிப்டிலும் இதே சாவியைப் பயன்படுத்தப் போவதால் கட்டளை வரிதான் வேண்டும்.

ஆபீஸுக்கு ஒரே சாவியா, ஆளுக்கு ஒன்றா? கிளையன்ட்டின் பப்ளிக் கீ (அவருக்கு அனுப்புவதைப் பூட்ட எல்லோருக்கும் தரும் சாவி; திறக்கும் சீக்ரெட் கீ அவரிடமே இருக்கும்) அவருடையதுதான் என்று உறுதி செய்வது எப்படி? கடைசியாக, பார்ட்னர் கேட்கச் சொன்னது: பிடிஎஃப்புக்கு பாஸ்வேர்டு போட்டாலே போதாதா?

#2 பரங்கிமலை பைப்

பார்ட்னர் கேள்விக்கு முதலில். பிடிஎஃப் பூட்டு நல்ல பூட்டாகவே இருக்கட்டும், சாவியை நாம் வாசல் மாடத்தில் வைத்திருக்கிறோம். இ-ஆதாருக்குப் பாஸ்வேர்டு பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருஷமும். வருமான வரித்துறையின் ஏஐஎஸ் (வருடாந்திரத் தகவல் அறிக்கை) பிடிஎஃப்புக்கு பான் நம்பரும் பிறந்த தேதியும். இந்த விவரம் எல்லாம் அதே மெயில் இழையில் நாலு மெயிலுக்கு முன்னால் கிடக்கும்.

சாவி ஆளுக்கு ஒன்று. ஆபீஸுக்குப் பொதுச்சாவி என்றால் ஒருவர் வேலையை விட்டுப் போன அன்றே எல்லோருக்கும் சாவி மாற்ற வேண்டும், எல்லா கிளையன்ட்டுக்கும் சொல்ல வேண்டும். அதற்குப் பதில் ஜிபிஜி.கான்ஃப் என்ற அமைப்பு ஃபைலில் ஒரு வரி:

குரூப் ஆபீஸ் = ஃபிங்கர்பிரிண்ட்1 ஃபிங்கர்பிரிண்ட்2 ஃபிங்கர்பிரிண்ட்3

ஃபிங்கர்பிரிண்ட் என்றால் ஒவ்வொரு சாவிக்கும் உரிய அடையாள எண். இனி ரெசிபியன்ட் (பெறுநர்) இடத்தில் ‘ஆபீஸ்’ என்று கொடுத்தால் மூவருக்கும் சேர்த்துப் பூட்டும். ஃபைல் மூன்று மடங்கு பெருக்காது. ஜிபிஜி ஒரு தற்காலிக ஏஇஎஸ் சாவியை உருவாக்கி ஃபைலை ஒரே தடவைதான் பூட்டுகிறது. அந்தக் குட்டிச் சாவியை மட்டும் ஒவ்வொருவர் பப்ளிக் கீயாலும் தனித்தனியாகப் பூட்டித் தலைப்பில் வைக்கிறது. ஆளுக்கு அதிகபட்சம் சில நூறு பைட் கூடும், அவ்வளவுதான். கிளையன்ட் பக்கமும் இதே குரூப் வரி இருந்தால்தான் அவர்கள் அனுப்புவது மூவருக்கும் திறக்கும், அதை மறந்துவிடாதீர்கள்.

சாவி உருவாக்க (கட்டளைகளை ஒலிப்படி எழுதுகிறேன், டெர்மினலில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்):

ஜிபிஜி --குவிக்-ஜெனரேட்-கீ "பெயர் <மெயில்>" டீஃபால்ட் டீஃபால்ட் 2ஒய்

‘2ஒய்’ என்றால் இரண்டு வருஷத்தில் காலாவதி. அந்த இரண்டு ‘டீஃபால்ட்’டை மாற்ற வேண்டாம். எங்கேயோ படித்துவிட்டு முதல் டீஃபால்ட் இடத்தில் ‘ஈடி25519’ என்று நேரடியாகப் போட்டால், கையெழுத்து போடும் முதன்மைச் சாவி மட்டும் பிறக்கும், என்கிரிப்ஷன் சப்கீ (பூட்டுவதற்கான துணைச்சாவி) பிறக்காது. உங்களுக்கு எல்லாம் சரியாகத் தெரியும். கிளையன்ட் பூட்டப் பார்க்கும்போது ‘அன்யூசபிள் பப்ளிக் கீ’ என்று வரும், அவர் உங்கள் மேல் பழி போடுவார். சரிசெய்ய:

ஜிபிஜி --குவிக்-ஆட்-கீ ஃபிங்கர்பிரிண்ட் சிவி25519 என்கிர் 2ஒய்

அதன் பிறகு பப்ளிக் கீயை மறுபடி எக்ஸ்போர்ட் செய்து அனுப்ப வேண்டும். டீஃபால்ட் என்றே விட்டால் ஜிபிஜி 2.4 வரிசையில் ஈடி25519-உம் (கையெழுத்துக்கு) சிவி25519-உம் (பூட்டுக்கு) ஜோடியாகக் கிடைக்கும், பழைய 2.2-இல் ஆர்எஸ்ஏ 3072. இரண்டும் உங்கள் வேலைக்குப் போதும். 4096 பிட் ஆர்எஸ்ஏதான் வேண்டும் என்று சண்டை போட ஒருவர் வருவார், பாருங்கள்.

#3 டைடல் நைட்ஷிப்ட்

4096க்கு நான் வரல தல 😄

விண்டோஸ் மெஷின் இருக்கறதால ஒரே ஒரு எச்சரிக்கை. பவர்ஷெல் 5.1-ல பப்ளிக் கீயை எக்ஸ்போர்ட் பண்ணி ‘>’ குறி போட்டு ஃபைல்ல சேமிக்காதீங்க. அது வெளியீட்டை யுடிஎஃப்-16 டெக்ஸ்ட்டா மாத்தி எழுதும். ஆர்மர் (சாவியைச் சாதா எழுத்தா மாத்தற வடிவம்) இல்லாத பைனரி சாவின்னா மொத்தமும் நாசம். கிளையன்ட் இம்போர்ட் பண்ணா ‘நோ வேலிட் ஓபன்பிஜிபி டேட்டா ஃபவுண்ட்’. எப்பவும் --அவுட்புட் ஆப்ஷன் கொடுத்து ஜிபிஜியையே ஃபைல் எழுத விடுங்க:

ஜிபிஜி --ஆர்மர் --அவுட்புட் ஆபீஸ்.ஆஸ்க் --எக்ஸ்போர்ட் ஃபிங்கர்பிரிண்ட்

அதோட ஆப்ஷன் எல்லாம் ஃபைல் பெயருக்கு முன்னாடி வரணும். பெயருக்கு அப்புறம் ‘-ஓ’ (--அவுட்புட்டோட சுருக்கம்) போட்டா அதையும் ஒரு ஃபைல் பெயர்னு எடுத்துக்கும், ‘நாட் கன்சிடர்ட் அன் ஆப்ஷன்’னு ஒரு குறிப்பு மட்டும் காட்டும்.

ஆர்மர் பிளாக்கை மெயில் உடம்புல ஒட்டறதும் வேண்டாம். தலைப்புல இருக்கற அஞ்சு கோட்டை சில மெயில் எடிட்டர் ‘அழகாக்கி’ ஒரே நீளக் கோடா மாத்திடும், சாவி செத்துடும். அட்டாச்மென்ட்தான். வாட்ஸப்னா டாகுமென்ட்டா அனுப்பணும்.

#4 மாம்பலம் மெயில்

இரண்டாவது கேள்விதான் உண்மையான கேள்வி. மற்றதெல்லாம் கட்டளை. கணிதத்தை யாரும் உடைக்கப் போவதில்லை. தவறான ஆளின் சாவிக்குச் சரியாகப் பூட்டி அனுப்புவதுதான் நடக்கும்.

கிளையன்ட் சாவி வந்ததும் இம்போர்ட் செய்து ‘ஜிபிஜி --ஃபிங்கர்பிரிண்ட்’ பாருங்கள். 40 இலக்கம் (0-9, ஏ-எஃப்), நான்கு நான்காகப் பத்துக் கூட்டம், நடுவில் மட்டும் இடைவெளி சற்று அகலம். அவரும் தன் திரையில் அதையே வைத்துக்கொண்டு, நீங்கள் ஏற்கெனவே அறிந்த எண்ணில் போனில் பேச வேண்டும். சாவி வந்த அதே மெயிலில் இருக்கும் போன் நம்பருக்கு அடித்தால் மோசடிக்காரனே எடுத்து ‘சரிதான் சார்’ என்பான். ஒருவர் படிக்க மற்றவர் சரிபார்க்க வேண்டும். போனில் பி, சி, டி, ஈ நான்கும் ஒரே சத்தம், ஆகவே ‘பி ஃபார் பாம்பே, டி ஃபார் டெல்லி’ என்று சொல்லியே படியுங்கள். முதல் நான்கும் கடைசி நான்கும் பொருந்தினால் போதும் என்று நிறுத்தாதீர்கள்.

8 இலக்கக் குட்டி ஐடியை (ஃபிங்கர்பிரிண்டின் கடைசி 8 இலக்கம்) எங்கும் நம்பக் கூடாது. ஒரு கிராபிக்ஸ் கார்டு இருந்தால் அதே குட்டி ஐடி கொண்ட போலிச் சாவியைச் சில விநாடிகளில் செய்யலாம் என்று 2014-இல் எவில்32 என்ற ஆய்வு காட்டிவிட்டது.

சரிபார்த்த பிறகு:

ஜிபிஜி --குவிக்-எல்சைன்-கீ ஃபிங்கர்பிரிண்ட்

முன்னால் வரும் ‘எல்’ முக்கியம். அது உங்கள் மெஷினுக்குள் மட்டும் நிற்கும் கையெழுத்து, வெளியே ஏற்றுமதி ஆகாது. யார் யார் உங்கள் கிளையன்ட் என்று ஊருக்குத் தெரிய வேண்டியதில்லையே. இதைச் செய்யாவிட்டால் ஒவ்வொரு முறையும் ‘இந்தச் சாவி இவருடையது என்பதற்கு உறுதி இல்லை, இருந்தாலும் பயன்படுத்தவா?’ என்று கேட்கும். மூன்றாம் நாளிலிருந்து எல்லோரும் படிக்காமலே ‘ஒய்’ தட்டுவார்கள், எச்சரிக்கை இருந்தும் பயனில்லாமல் போகும். ஸ்கிரிப்டில் --டிரஸ்ட்-மாடல் ஆல்வேஸ் (எல்லாச் சாவியையும் நம்பு) போட்டு வாயை அடைப்பதும் அதே கதைதான்.

கீசர்வர் (பப்ளிக் கீகளைத் தேடி எடுக்கும் பொது சர்வர்) வேண்டுமென்றால் கீஸ்.ஓபன்பிஜிபி.ஆர்க். மெயில் முகவரியை உறுதி செய்த பிறகே பெயரோடு சாவியைத் தரும். உறுதி செய்யாமல் விட்டால் பெயரில்லாத சாவி வரும், ஜிபிஜி ‘நோ யூசர் ஐடி’ என்று சொல்லித் தள்ளிவிடும். பழைய எஸ்கேஎஸ் சர்வர்களில் 2019 ஜூனில் சிலருடைய சாவிகளில் குப்பைக் கையெழுத்துகளைக் கொட்டி, இம்போர்ட் செய்தாலே ஜிபிஜி திணறும்படி செய்தார்கள். அந்தப் பக்கம் போக வேண்டாம்.

#5 அடையாறு ஆலமரம்

இவ்வளவு பாடு எதற்கு? ஏஜ் என்ற எளிய பூட்டுக் கருவி இருக்கிறதே. 1.0 வந்தது 2021-இல். ‘ஏஜ்-கீஜென் -ஓ கீ.டெக்ஸ்ட்’ என்று ஒரு வரி, 62 எழுத்தில் ஒரு பப்ளிக் கீ, முடிந்தது. டிரஸ்ட் லெவல், சப்கீ, காலாவதி, ஏஜென்ட் (சாவிகளைக் கவனிக்கும் பின்னணி நிரல்) என்று எதுவும் இல்லை. எக்ஸ்25519, சாசா20-பாலி1305 என்ற பூட்டு முறைகள்தான் முக்கியச் செங்கல். க்னூபிஜி 1990களின் கனவு: ஊரில் எல்லோரும் ஒருவர் சாவியில் மற்றவர் கையெழுத்துப் போட்டு நம்பிக்கை வலை பின்னுவார்கள் என்று. தி.நகர் ரங்கநாதன் தெருவில் அந்த வலையை விரித்துப் பாருங்கள்.

#6 மாம்பலம் மெயில்

ரங்கநாதன் தெரு உவமையை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏஜில் கையெழுத்து கிடையாது. பப்ளிக் கீ யாரிடமும் இருக்கலாம், ஆகவே பூட்டி வந்த ஃபைல் யாரிடமிருந்தும் வந்திருக்கலாம். ஆடிட் ஆபீஸுக்கு வரும் ஆபத்தான மெயில் எது? ‘எங்கள் பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது, ரீஃபண்டுக்கு இதைப் போடுங்கள்’ என்பதுதான். அதைக் கச்சிதமாகப் பூட்டி உங்களுக்கே அனுப்பலாம், திறந்ததும் ஏமாறுவீர்கள். ஜிபிஜியில் சைன், என்கிரிப்ட் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் திறக்கும்போதே ‘குட் சிக்னேச்சர்’ வரி வரும். அந்த வரி இல்லாத அக்கவுண்ட் மாற்றத்தை ஏற்பதில்லை என்று ஆபீஸில் எழுதி ஒட்டிவிடலாம்.

#7 அடையாறு ஆலமரம்

அது நியாயம். ஏஜோடு மினிசைன் என்ற கையெழுத்துக் கருவியைச் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் கிளையன்ட்டுக்கு இரண்டு கருவி சொல்லிக்கொடுக்க வேண்டியதாகிவிடும். அப்படியென்றால் இரவு பேக்கப்புக்கு மட்டும் ஏஜ் என்று திருத்திக்கொள்கிறேன். சொந்தச் சாவிக்குச் சொந்த ஃபைல், கையெழுத்து தேவையில்லை. கவனிக்க: ஏஜ்-கீஜென் எழுதும் கீ.டெக்ஸ்ட் பூட்டப்படாத வெறும் டெக்ஸ்ட் ஃபைல். ‘ஏஜ் -பி’ கொண்டு அதையே ஒரு பாஸ்ஃப்ரேஸால் (நீண்ட பாஸ்வேர்டு) பூட்டி வைக்க வேண்டும்.

#8 பரங்கிமலை பைப்

பேக்கப் எந்தக் கருவியானாலும் இது பொருந்தும். டார் (ஃபைல்களை ஒரே கட்டாக்கும் நிரல்) வெளியீட்டைப் பைப்பில் ஜிபிஜிக்கோ ஏஜுக்கோ தள்ளினால், டார் பாதியில் செத்தாலும் வந்தவரை அழகாகப் பூட்டி ‘வெற்றி’ என்று முடியும். ஸ்கிரிப்ட் தலையில் ‘செட் -ஓ பைப்ஃபெயில்’ இருக்க வேண்டும். பூட்டும் மெஷினில் பப்ளிக் கீ மட்டும் இருந்தால் போதும், சீக்ரெட் கீயை அங்கே வைக்கவே கூடாது. அதே காரணத்தால் சோதனையை வேறு மெஷினில்தான் செய்ய முடியும்: திறந்து ‘டார் -டிஇசட்எஃப் -’ வரைக்கும் ஓடினால்தான் அது பேக்கப்.

#9 ரிச்சி தெரு

பாஸ்ஃப்ரேஸைத் தமிழ் எழுத்தில் வைக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை, ஆனால் நம் ஊரில் யாராவது செய்வார்கள். வேண்டாம்.

‘கொ’ என்று தட்டுங்கள். யூனிகோடில் அந்த ஒகரக் குறி ஒரே குறியாகவும் இருக்கலாம், ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் தனித்தனியாகச் சேர்ந்தும் இருக்கலாம். திரையில் இரண்டுக்கும் மயிரிழை வித்தியாசம் தெரியாது. யுடிஎஃப்-8இல் முதலாவது 3 பைட், இரண்டாவது 6 பைட். ஜிபிஜி இரண்டையும் ஒன்றாக்கிப் பார்ப்பதில்லை, பைட்டைத்தான் பார்க்கும். ஒரு கீபோர்டில் வைத்த பாஸ்ஃப்ரேஸ் வேறு கீபோர்டில் ‘பேட் பாஸ்ஃப்ரேஸ்’ ஆகிவிடும். ‘ஔ’ இன்னும் மோசம், ‘ஒ’ பக்கத்தில் ‘ள’ தட்டியவர்கள் ஏராளம். டெர்மினல் பின்என்ட்ரி (பாஸ்ஃப்ரேஸ் கேட்கும் கட்டம்) புள்ளிதான் காட்டும், எங்கே பிசகியது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் வைப்பதிலும் தகராறு உண்டு: ‘வாழை’க்கு ‘இசட்-எச்’சா, ‘எல்’லா? ஆறு மாதம் கழித்துக் கை எதைத் தட்டும்? டைஸ்வேர் பட்டியல் எடுங்கள். 7776 சொற்கள், ஒரு சொல்லுக்குப் பகடை ஐந்து முறை. ஒரு சொல் சுமார் 12.9 பிட் வலிமை, ஆறு சொல் என்றால் 77 பிட். லூடோ பகடை போதும். தாயக்கட்டையை எடுத்து வராதீர்கள், அதற்கு நான்கே முகம்.

#10 வேளச்சேரி மொட்டைமாடி

சாவி பேக்கப்பைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ஜிபிஜி 2.1 முதல் சீக்ரெட் கீ ‘பிரைவேட்-கீஸ்-வி1.டி’ ஃபோல்டரில் இருக்கிறது. பழைய குறிப்பைப் பார்த்து ‘செக்ரிங்.ஜிபிஜி’யை மட்டும் காப்பி எடுப்பவர்கள் வெறும் உறையை எடுத்துப் போகிறார்கள். சரியான வழி:

ஜிபிஜி --ஆர்மர் --அவுட்புட் ரகசியம்.ஆஸ்க் --எக்ஸ்போர்ட்-சீக்ரெட்-கீஸ் ஃபிங்கர்பிரிண்ட்
ஜிபிஜி --எக்ஸ்போர்ட்-ஓனர்டிரஸ்ட்

இரண்டாவது வரி எதற்கு? புது மெஷினில் உங்கள் சாவியை நீங்களே இம்போர்ட் செய்தாலும் டிரஸ்ட் ‘அன்னோன்’ என்றே வரும், நீங்கள் எல்சைன் செய்து வைத்ததெல்லாம் செல்லாக்காசு போல நிற்கும். ஓனர்டிரஸ்ட் இறக்கினால், அல்லது எடிட்-கீயில் டிரஸ்ட் 5 (முழு நம்பிக்கை) கொடுத்தால் சரியாகிவிடும். எல்சைன் கையெழுத்துகள் சாதாரண எக்ஸ்போர்ட்டில் வராது, அதற்கு --எக்ஸ்போர்ட்-ஆப்ஷன்ஸ் பேக்கப் கொடுத்து பப்ளிக் கீகளை எடுங்கள். இறக்கும்போதும் --இம்போர்ட்-ஆப்ஷன்ஸ் ரீஸ்டோர் வேண்டும்.

பென்டிரைவ் ஒன்று, காகிதம் ஒன்று. காகிதத்துக்கு ‘பேப்பர்கீ’ என்ற கருவி ரகசியப் பகுதியை மட்டும் பிரித்துத் தரும், மீட்க பப்ளிக் கீயும் கூட வேண்டும். லேசர் பிரிண்டரில் அடியுங்கள். சாதா இங்க்ஜெட் மை தண்ணீர் பட்டால் ஓடிவிடும், டோனர் ஓடாது. இரண்டையும் ஒரே பீரோவில் வைக்காதீர்கள். 2015 டிசம்பரையும் 2023 மிக்ஜாமையும் பார்த்த ஊர் இது. தரைத்தளத்து லாக்கர், தரைத்தளத்து சர்வர் ரெண்டும் ஒரே மழைதான்.

#11 கச்சேரி ரோடு கணக்கு

எல்லோருக்கும் நன்றி. மாதிரிக்கு ஒரு கிளையன்ட்டோடு ஆரம்பித்தாயிற்று. மூன்று தடங்கல். அவர் அனுப்பியதில் ஒன்று ‘நோ சீக்ரெட் கீ’. உபுண்டுக்கு எஸ்எஸ்எச் வழியாக (வேறு மெஷினிலிருந்து) போய்த் திறந்தால் ‘இன்அப்ரோப்ரியேட் ஐஆக்டில் ஃபார் டிவைஸ்’. நாங்கள் அவருக்கு அனுப்பிய ஃபைலின் பூட்டிய காப்பியை எங்களாலேயே திறக்க முடியவில்லை.

#12 டைடல் நைட்ஷிப்ட்

கடைசில இருந்து வரேன் சார். அவர் சாவிக்கு மட்டும் பூட்டினீங்க, அதான் உங்களுக்குத் திறக்கல. பழுது இல்ல. ஜிபிஜி.கான்ஃப்ல ‘என்கிரிப்ட்-டு உங்க-ஃபிங்கர்பிரிண்ட்’ போடுங்க, இனிமே எல்லாமே உங்களுக்கும் சேர்த்துப் பூட்டும். போனது போனதுதான்.

நடுவுல உள்ளது: பின்என்ட்ரிக்கு எந்தத் திரைல பாஸ்ஃப்ரேஸ் கேக்கணும்னு தெரியல. பேஷ்ஆர்சி-ல (உபுண்டு டெர்மினலோட அமைப்பு ஃபைல்) ‘எக்ஸ்போர்ட் ஜிபிஜி_டிடிஒய்=$(டிடிஒய்)’ போட்டு மறுபடி லாகின் பண்ணுங்க.

முதல்ல சொன்னதுக்கு ‘ஜிபிஜி --லிஸ்ட்-பாக்கெட்ஸ்’ ஓட்டுங்க. எந்த ஐடிக்குப் பூட்டியிருக்குன்னு வரும். அது சப்கீயோட ஐடி, முதன்மைச் சாவியோடது இல்ல, அதனால உங்க ஃபிங்கர்பிரிண்டோட ஒத்துப்போகலன்னு பதறாதீங்க. ‘--வித்-சப்கீ-ஃபிங்கர்பிரிண்ட்’ போட்டு லிஸ்ட் எடுத்து ஒப்பிடுங்க. பெரும்பாலும் நீங்க சோதனைக்கு முன்னாடி செஞ்ச பழைய சாவி அவர்கிட்ட மாட்டியிருக்கும்.

#13 கச்சேரி ரோடு கணக்கு

அதேதான். பழைய சாவி. ரிவோக் (ரத்து) செய்யப் போகிறேன்.

ஜிபிஜி கையெழுத்தைக் கிளையன்ட் சட்டப்படியான கையெழுத்தாக ஏற்பாரா? டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ்) டோக்கனுக்குப் பதில் ஆகுமா? திறந்து பார்த்த ஃபைல்களை எப்படி அழிப்பது?

#14 மாம்பலம் மெயில்

ஆகாது. ஐடி (தகவல் தொழில்நுட்ப) சட்டம் 2000-இன்படி டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழை உரிமம் பெற்ற சர்டிஃபையிங் அத்தாரிட்டிதான் தர முடியும். ரிட்டர்ன் தாக்கல், டெண்டர் என்று டிஎஸ்சி கேட்கும் இடத்திலெல்லாம் அந்த யுஎஸ்பி டோக்கன்தான். ஜிபிஜி கையெழுத்து உங்களுக்கும் கிளையன்ட்டுக்கும் இடையிலான ஏற்பாடு.

பார்ட்னருக்கு இதையும் சொல்லிவையுங்கள்: அதே சட்டத்தின் 69-ஆம் பிரிவில் அரசு முறைப்படி உத்தரவிட்டால் திறந்து காட்ட உதவ வேண்டும், மறுத்தால் 7 வருஷம் வரை சிறை. அப்படி ஒரே ஒரு ஃபைலைத் திறந்து காட்ட முழுச் சீக்ரெட் கீயையும் கொடுக்கத் தேவையில்லை. --ஷோ-செஷன்-கீ என்ற ஆப்ஷன் #2-இல் பரங்கிமலை பைப் சொன்ன அந்தக் குட்டிச் சாவியை மட்டும் காட்டும். அது அந்த ஒரு ஃபைலை மட்டுமே திறக்கும். வக்கீலைக் கேட்டுச் செய்யுங்கள்.

#15 பரங்கிமலை பைப்

அழிப்பது: ஜிபிஜி பூட்டினாலும் திறந்தாலும் மூல ஃபைல் அப்படியே கிடக்கும், அதை அழிப்பது உங்கள் வேலை. எஸ்எஸ்டியில் ‘ஷ்ரெட்’ (மேலெழுதி அழிக்கும் நிரல்) ஓட்டி நிம்மதி அடையாதீர்கள். மேலெழுதுவது வேறு நினைவகச் செல்லில் போய் விழும், பழையது உள்ளேயே இருக்கலாம். உபுண்டுவில் ‘/டெவ்/எஸ்எச்எம்’க்குள் திறந்து வேலை பார்த்தால் அது ராமில் நிற்கும் (ஸ்வாப் இருந்தால் டிஸ்குக்குப் போகலாம், ஸ்வாப்பும் பூட்டப்பட்டிருக்க வேண்டும்). விண்டோஸில் முழு டிஸ்க்கையும் பிட்லாக்கரில் போடுவதுதான் நடைமுறை. பாஸ்ஃப்ரேஸை ஏஜென்ட் 600 விநாடி ஞாபகம் வைத்திருக்கும், பயன்படுத்தப் பயன்படுத்த அது 7200 வரை நீளும். சாப்பாட்டுக்கு எழுந்து போகும் ஆபீஸில் இது அதிகம். ஜிபிஜி-ஏஜென்ட்.கான்ஃபில் டீஃபால்ட்-கேஷ்-டிடிஎல் 120 வைத்து ஏஜென்டை ரீலோட் செய்யுங்கள்.

மெயிலின் சப்ஜெக்ட் வரியும் அட்டாச்மென்டின் பெயரும் பூட்டப்படுவதில்லை. ‘நோட்டீஸ் பதில் இறுதி’ என்று ஃபைலுக்குப் பெயர் வைத்தால் பாதி விஷயம் வெளியே போயாயிற்று.

ரிவோக் செய்யும்போது ஒன்று: சாவி பிறந்தபோதே ‘ஓபன்பிஜிபி-ரெவாக்ஸ்.டி’ ஃபோல்டரில் .ரெவ் ஃபைல் ஒன்று எழுதப்பட்டிருக்கும். அதை நேராக இம்போர்ட் செய்தால் எதுவும் நடக்காது. தெரியாமல் சாவியைச் சாகடித்துவிடக் கூடாது என்று ஐந்து கோடுகளுக்கு முன்னால் ஒரு முக்காற்புள்ளி (:) வைத்திருப்பார்கள். டெக்ஸ்ட் எடிட்டரில் அந்த ஒரு புள்ளிக்குறியை எடுத்துவிட்டு இம்போர்ட் செய்து, பிறகு பப்ளிக் கீயை எல்லோருக்கும் மறுபடி அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் ரிவோக் ஆனது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

#16 கச்சேரி ரோடு கணக்கு

முக்காற்புள்ளி! அரை மணி நேரம் அதோடு மல்லுக்கட்டியது இதற்குத்தானா. ஆயிற்று.

ஃபிங்கர்பிரிண்டை விசிட்டிங் கார்டின் பின்பக்கம் அச்சடிக்கலாம் என்று பார்ட்னர் சொல்கிறார். 2 வருஷத்தில் சாவி காலாவதியானால் கார்டு வீணா?

#17 மாம்பலம் மெயில்

வீணாகாது. --குவிக்-செட்-எக்ஸ்பயர் கொண்டு தேதியை நீட்டினால் ஃபிங்கர்பிரிண்ட் மாறாது. முதன்மைச் சாவிக்கு ஒருமுறை ஓட்டி, சப்கீகளுக்காக ஃபிங்கர்பிரிண்ட், 2ஒய், பிறகு மேற்கோளுக்குள் நட்சத்திரக் குறி கொடுத்து இன்னொரு முறை ஓட்டுங்கள். முதலாவதை மட்டும் செய்துவிட்டுச் சப்கீயை மறப்பதுதான் வழக்கம், அப்போதும் ‘அன்யூசபிள்’ என்றே வரும். தேதி முடிய ஒரு மாதம் இருக்கும்போதே நீட்டி, சாவியை மறுபடி அனுப்பிவிடுங்கள்.

கார்டில் முதன்மைச் சாவியினுடையதைப் போடுங்கள், சப்கீயினுடையது வேண்டாம். இருபது இருபதாக இரண்டு வரி, நான்கெழுத்துக்கு ஒரு இடைவெளி, பூஜ்யத்துக்கு நடுவில் கோடு போடும் எழுத்துரு. அச்சகத்துக்கு டெக்ஸ்ட்டாகக் கொடுங்கள், கையால் எழுதிக் கொடுத்தால் 8-உம் பி-யும் இடம் மாறும். ப்ரூஃப் வந்ததும் ஒருவர் படிக்க ஒருவர் டிக் அடியுங்கள்.